குரல் பொருந்தவில்லை

"உங்கள் குரல் பொருந்தவில்லை" என்று ஃபோனில் அந்த இயந்திரப் பெண் சொன்னபோது நான் மருத்துவமனையில், பில் கவுண்டருக்கும் சக்கர நாற்காலிகளின் வரிசைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அவளைக் குறை சொல்ல முடியாது. வங்கியில் பதிவாகியிருந்தது என் குரலே இல்லை. என் பெயரில் என் தங்கை கொடுத்த குரல் அது.

எங்கள் தொழில் திரைச்சீலை தைப்பது. வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய் ஜன்னலை அளந்து, துணி வாங்கி, தைத்து, மாட்டிக் கொடுத்துவிட்டு வருவோம். அளப்பதும் வெட்டுவதும் நான். தைப்பதும் பேசுவதும் அவள். எனக்குத் திக்குவாய். நேரில் என்றால் கையைக் காட்டி, தலையை ஆட்டி எப்படியாவது ஒப்பேற்றிவிடுவேன். ஃபோனில் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். அந்தப் பக்கம் இருப்பவர் "ஹலோ, ஹலோ, ஒண்ணுமே கேக்கல" என்று வைத்துவிடுவார். என்னைத் தெருவில் கல்லுளிமங்கி என்பார்கள். அவளுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கத் தெரியாத ரேடியோவை எவன் கட்டிக்கொள்வான் என்று நான் கிண்டல் செய்வேன். "உன்னை எந்தப் பக்கம் திருகணும்னே ஒருத்தனுக்கும் தெரியல, நீ என்னைச் சொல்றியா?" என்பாள்.

அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. எனக்கு வரும் ஃபோன்களையெல்லாம் அவளே நானாகப் பேசிவிடுவாள். கடை என் பெயரில், மின் இணைப்பு என் பெயரில், எல்லாம் என் பெயரில். பேச்சு மட்டும் அவளுடையது. துணி மொத்த வியாபாரியைக் கேட்டால் நான் வாயாடி என்பார். ஃபோன் வழியாக மட்டும் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் ரொம்பக் கலகலப்பான ஆள். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று இருவருமே நினைத்திருந்தோம். தப்பு என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

போன மாதம் ஒரு ஹோட்டலின் எல்லா அறைகளுக்கும் திரை தைக்கும் வேலை வந்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினோம். பாதுகாப்புக்காகக் குரலைப் பதிய வேண்டும் என்றார்கள். வழக்கம்போல நான் ஃபோனை அவளிடம் நீட்டினேன். புதுக் கார்டு என்பதால் லிமிட் ஒரு சோபாவுக்கு உறை தைக்கப் போதுமான அளவுதான் கொடுத்தார்கள்.

அப்போதே அவளுக்குப் பல் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பேசினாள். அப்போதும் பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. டாக்டரிடம் போய்த் தொலையேன் என்றால், "இந்த ஆர்டர் முடியட்டும் அக்கா" என்றாள். இன்று காலை எழுந்தபோது தாடைக்கும் கழுத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் வீங்கியிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வடியவிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவள் வாயைத் திறந்து சத்தம் வராமல் போனதை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"மூச்சுக்குக் குழாய் போட்டுட்டோம்" என்றார் டாக்டர். "பல்லுல ஆரம்பிச்ச சீழ் கழுத்துக்குள்ள பரவியிருக்கு. அது நெஞ்சுக்கு இறங்கறதுக்குள்ள திறந்து எடுத்தாகணும். இந்த நிலைமையில வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போறது நல்லதில்ல. இன்னைக்கே பண்ணணும்."

பில் கவுண்டரில் முன்பணம் கேட்டார்கள். எங்கள் சேமிப்பு முழுவதும் ஹோட்டலுக்கான துணியாகக் கடையில் சுருண்டு கிடந்தது. கையிலும் வங்கியிலும் இருந்ததைத் துடைத்துக் கொடுத்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. சித்தப்பாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். படித்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை. கார்டை நீட்டினேன். கேஷியர் லிமிட்டைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பத்தாதும்மா. கார்டு கம்பெனிக்கு ஃபோன் பண்ணி லிமிட்டை ஏத்தச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிச் செலவுன்னா சில பேருக்கு உடனே ஏத்தித் தர்றாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சீக்கிரம் பாருங்க. பணம் கட்டினாத்தான் ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுவேன். எனக்கும் மேல ஆள் இருக்கு."

என் வாழ்க்கையில் நானாக ஒரு ஃபோன் செய்ததில்லை. தங்கைக்குச் செய்திருக்கிறேன், அதுவும் மணி அடித்துவிட்டு வைப்பதற்கு. எண்ணைத் தப்பாக அழுத்தி இரண்டு முறை வேறு யாருக்கோ போனது.

'என் குரலே என் சாவி' என்று சொல்லச் சொன்னது இயந்திரம். நான் "எ" என்பதிலேயே நின்றேன். நேரம் முடிந்துவிட்டது, மறுபடி சொல்லுங்கள் என்றது. மறுபடி சொன்னேன், தத்தித் தத்தி. அப்போதுதான் குரல் பொருந்தவில்லை என்றது. கொஞ்சம் இசை ஒலித்தது. பிறகு உயிருள்ள ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் மேடம், சொல்லுங்க."

"லி... லி... லிமிட்..." என்றேன். "த... தங்கச்சிக்கு ஆ... ஆ..."

"மேடம், லைன் விட்டு விட்டு வருதா?"

"இ... இல்ல."

லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வியர்த்து ஃபோன் கன்னத்தில் வழுக்கியது. எப்படியோ விஷயத்தைத் தள்ளி வெளியே போட்டேன். ஆபரேஷன், முன்பணம், இன்றைக்கே. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறந்த தேதி கேட்டாள், சொன்னேன். அம்மாவின் பெயர் கேட்டாள், சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு ஜன்னலையே அளந்து முடித்திருக்கலாம்.

"மேடம், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க பக்கத்துல யாராவது நின்னு சொல்லிக் குடுக்கறாங்களா?"

"இ... இல்ல."

"யாராவது மிரட்டி உங்களைப் பேச வைக்கிறாங்களா? அப்படின்னா வெறுமனே 'சரி'ன்னு மட்டும் சொல்லுங்க, நான் புரிஞ்சுக்கறேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சரி என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அது அவளுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

"மேடம், உங்க கார்டு புதுசு. சாதாரணமா அரை வருஷம் ஆனாத்தான் லிமிட் ஏத்துவோம். மருத்துவ அவசரம்னா எனக்கு ஏத்த அதிகாரம் இருக்கு. ஆனா குரல் பொருந்தியே ஆகணும். ஏற்கெனவே ரெண்டு தடவை தப்பாயிடுச்சு. இன்னொரு தடவை தப்பானா கார்டு தானா முடங்கிடும். அப்புறம் இப்ப இருக்கற லிமிட்டையும் நீங்க எடுக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருந்தது? உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம் என்று அங்கேயே கதையை முடித்துவிடுவார்கள். வைத்துவிட்டால் பணம் பத்தாது. மறுபடி சொல்லித் தப்பானால் இருப்பதும் போய்விடும். கண்ணாடிக்குப் பின்னால் கேஷியர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் இத்தனை வருடம் செய்தது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன பிரயோஜனம்.

"போ... போன மாசம்... எ... எப்படிப் பேசினேன்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. நேரத்தைக் கடத்தத்தான் இருக்க வேண்டும்.

"அதைத்தான் நானும் பார்க்கறேன் மேடம். பதிவு இங்கதான் இருக்கு. நீங்களே கேளுங்க."

கரகரவென்று ஏதோ நகர்ந்தது. பிறகு என் காதுக்குள் என் தங்கை பேசினாள்.

"என் குரலே என் சாவி. என் குரலே என் சாவி. இன்னொரு தடவையா? என் குரலே என் சாவி. கேட்டுச்சா மேடம்? ஒரு பக்கமாத்தான் பேச வருது, பல்லு வலி. அதனால நாளைக்கு நான் ரெண்டு பக்கமும் பேசினா வேற ஆளுன்னு சொல்லிடாதீங்க!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பக்கத்தில் இருந்த சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மாடியில் வாயில் குழாயோடு படுத்திருப்பவள் இங்கே கீழே சிரிக்கிறாள். அவள் போய்விட்டால் இனிமேல் இப்படித்தான் கேட்க வேண்டியிருக்குமோ என்று நினைத்துவிட்டேன். நினைக்கக் கூடாததை நினைத்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இது நீங்கதானா மேடம்?"

திக்குவாய்க்காரர்களில் சிலருக்கு ஒரு வினோதம் உண்டு. வேறு ஆளாக நடித்தால் திக்காது. கடையில் துணி வெட்டும்போது வாடிக்கையாளர்களைப் போலெல்லாம் நான் தங்கைக்குப் பேசிக் காட்டுவேன். துணி மொத்த வியாபாரி, வீட்டுக்காரர், மூன்று முறை அளவை மாற்றச் சொன்ன வக்கீலம்மா. ஒரு இடத்திலும் தடுக்காது. அவள் மெஷினை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "என்னைப் பண்ணிக் காட்டுக்கா" என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள். உன்னைப் பண்ண ரெண்டு வாய் வேணும் என்று தட்டிக் கழித்துவிடுவேன். உண்மையில் எனக்கு அது பிடிக்கவில்லை. அவளும் பேசி நானும் அவளாகப் பேசினால், நான் எங்கே இருப்பேன்?

"மேடம், இருக்கீங்களா?"

கண்ணை மூடிக்கொண்டேன். இடது கன்னத்தை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு ஒரு பக்கமாக வாயைத் திறந்தேன்.

"இருக்கேன் மேடம், எங்க போகப் போறேன்? காலையிலேர்ந்து ஆஸ்பத்திரி, ஓட்டம், அழுகை, ஒண்ணும் ஓடல. அதான் முன்னாடி அப்படித் தடுமாறிட்டேன். நீங்களும் யாராவது கத்தி வெச்சிருக்காங்களான்னு கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்ச உயிரும் போயிடுச்சு!"

தங்குதடையில்லாமல் வந்தது. சிரிப்புகூட அவள் சிரிப்பு. என் உடம்பு முழுவதும் சிலிர்த்தது, சந்தோஷத்தில் இல்லை. பூட்டியிருக்கும் வீட்டுக்குள் யாரோ நடமாடும் சத்தத்தைக் கேட்டதுபோல் இருந்தது. அவளுக்கு மூச்சே குழாய் வழியாக வரும் நேரத்தில் அவளுடைய பேச்சை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுக்க எடுக்க அங்கே குறைகிறதோ என்று பயந்தேன். அப்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றவில்லை.

"ஐயோ, சாரி மேடம்" என்றாள் அந்தப் பெண். அவள் குரலும் இளகியிருந்தது. "நாங்க கேட்டுத்தான் ஆகணும். சரி, கடைசியா ஒரு தடவை சொல்லுங்க. நல்லா நிதானமா."

"என் குரலே என் சாவி" என்றாள் என் தங்கை, என் வாயால்.

இயந்திரம் யோசித்தது. கவுண்டரில் யாரோ ஒருவர் இருமினார். அது உள்ளே கேட்டுவிடுமோ என்று ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"பொருந்திடுச்சு மேடம். கேட்ட அளவுக்கு ஏத்தறேன். ஒரு நிமிஷம்." தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "அப்புறம் மேடம், பல்லு வலியில பதிஞ்சதாலதான் இந்தத் தொல்லை. பழைய பதிவை அழிச்சிட்டு இப்ப பேசினதையே வெச்சுக்கறேன். இனிமே உங்களுக்குச் சிரமம் இருக்காது."

அழிப்பதா? அவள் சிரிப்பையா? இன்றைக்கா?

"அ... அ... அழி..." என் சொந்தத் திக்கல் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. "அ... அழிக்காதீங்க."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

கெடுத்துவிட்டேன். ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியவள், ஊரே கல்லுளிமங்கி என்று சொல்லும் நான், இன்றைக்கென்று பார்த்து வாயைத் திறந்தேன்.

"மேடம்" என்றாள் அவள், மெதுவாக. "முதல்ல தடுமாறிப் பேசினது யாரு? நடுவுல நல்லாப் பேசினது யாரு?"

"ரெ... ரெண்டும் நா... நான்தான்."

"பதிவுல இருக்கறது?"

பொய் சொல்ல அவள் குரல் வேண்டும். அதைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. நான் மூச்சு விடுவது மட்டும்தான் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"ஆபரேஷன் உங்க தங்கச்சிக்குத்தானே சொன்னீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண். நான் "ம்" என்றேன். தட்டச்சுச் சத்தம் மறுபடி கேட்டது. பிறகு, "அழிக்கல மேடம்" என்றாள். லைன் துண்டிக்கப்பட்டது.

லிமிட்டை ஏற்றிவிட்டுத் துண்டித்தாளா, கார்டை முடக்கிவிட்டுத் துண்டித்தாளா, அது தெரியவில்லை. மெசேஜ் எதுவும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் வேறு யாராவது எடுப்பார்கள். கார்டை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு நடந்தேன். கேஷியர் அதை வாங்கி இயந்திரத்தில் செருகி, தொகையை அடித்து, என் பக்கம் தள்ளினார். ரகசிய எண்ணை அழுத்தினேன். திரையில் புள்ளிகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. இது நடக்காவிட்டால் அடுத்து யார் காலில் விழுவது என்று மனசு வரிசை போட்டது. அந்த வரிசை ரொம்பச் சின்னதாக இருந்தது.

இயந்திரம் கிர்ரென்று காகிதத்தைத் துப்பியது.

"போயிடுச்சும்மா" என்றார் கேஷியர்.

பணம் போய்ச் சேர்ந்தது என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். எனக்கு அந்தக் கணம் புரியவில்லை. அவர் ஃபோனை எடுத்துத் தியேட்டருக்குச் சொல்லிய பிறகுதான் மூச்சு திரும்பி வந்தது.

தங்கையைத் தள்ளுவண்டியில் கொண்டு போனபோது பக்கத்தில் நடந்தேன். மயக்கத்தில் இருந்தாள். கழுத்து இன்னும் பெருத்திருந்தது. குழாயைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் எச்சில் ஊறியிருந்தது. கதவு மூடியது. வாசலில் இரும்பு நாற்காலிகள். உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். உள்ளே போனவர்கள் எல்லாம் வேறு வழியாக வெளியே போவார்கள் போலிருக்கிறது, அந்தக் கதவை யாருமே திறக்கவில்லை. ஹோட்டல் மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டார். அவள் குரலில் எடுத்துப் பேசியிருக்கலாம், தொண்டைக்குள் தயாராகத்தான் நின்றது. எடுக்கவில்லை. அவளுக்கென்று இங்கே ஒரு வேலை பாக்கி இருக்கட்டும் என்று இருந்தேன். அதை நான் செய்யத் தொடங்கிவிட்டால் அவள் திரும்பி வரக் காரணம் இல்லாமல் போய்விடுமோ என்று பயம். சிரிக்காதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் இப்படித்தான் கணக்குப் போடுவீர்கள்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. கதவு திறந்தது. பச்சை உடை போட்ட நர்ஸ் ஒருத்தி முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் இருந்த எங்கள் எல்லோரையும் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"கழுத்து ஆபரேஷன் பொண்ணுக்கு யாரு வந்திருக்கீங்க?"

எழுந்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"முழிச்சிட்டாங்க" என்றாள் நர்ஸ், பொதுவாக எல்லோரையும் பார்த்து. "வாயில குழாய் இருக்கறதால பேச முடியாது. யாரைக் கூப்பிடணும்னு கேட்டா ரெண்டு விரலை இப்படி இப்படிச் சேர்த்துச் சேர்த்துக் காட்டறாங்க. சிகரெட்டான்னு கேட்டா முறைக்கறாங்க. கத்தரிக்கோலான்னு கேட்டேன், அதுக்குத்தான் தலையாட்டினாங்க. கத்தரிக்கோல் யாருங்க இங்க?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அது முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. நர்ஸ் அவசரப்படுத்தவில்லை. கதவைக் காலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நா... நா... நா..." என்று அழுதுகொண்டே அவளை நோக்கி நடந்தேன். "நான்."